விளக்கும் மைக்கூடும் செய்த கோடீசுவரர்

தந்தை நகைக்கடை முதலாளி. வெள்ளியும் வைரமும் விற்றுக் கோடிகோடியாகப் பணம் சேர்த்தவர்.

மகனோ, அந்தக் கடையில் வந்து உட்கார மறுத்துவிட்டார். வண்ணப் பெட்டியையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போய்விட்டார்.

பிற்காலத்தில் அந்த மகன் செய்த மேசை விளக்குகள், வைர நகை விலைக்கு விற்கத் தொடங்கின. ஆனால், அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அவர் கண்ணை மூடியபோது, அந்த விளக்குகளைச் சீந்துவார் இல்லை!

அவர்தான் அமெரிக்காவைச் சேர்ந்த லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி.

பழைய எழுது மேசை, மைக்கூடு, விளக்கு, வெள்ளிச் சாமான்களைத் தேடித் தேடிச் சேகரிப்பவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏராளம். பழைய பொருள் விற்கும் கடைக்குள் நுழைந்தால், அவர்கள் முதலில் பொருளைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள். அங்கே டிஃபனி என்ற பெயர் இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால், நெஞ்சு படபடக்கும்!

அந்தப் பெயருக்கு இவ்வளவு மதிப்பு எப்படி வந்தது? நடுவில் எப்படிப் போயிற்று? மறுபடியும் எப்படி வந்தது?

காகிதக் கடை

1837-ம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் சார்லஸ் டிஃபனி என்ற இளைஞர் ஒரு கடை திறந்தார். அவருக்கு வயது 25. கூட்டாளி, அவருடைய நண்பர் ஜான் யங். முதலுக்குத் தகப்பனாரிடம் ஆயிரம் டாலர் வாங்கியிருந்தார்.

கடையில் இருந்தவை எழுதும் காகிதம், பேனா, அழகுப் பொருள்கள். முதல் நாள் வியாபாரம் ஐந்து டாலர்கூட இல்லை!

ஆனால் சார்லஸ் ஒரு புதுமை செய்தார். ஒவ்வொரு பொருளின் மீதும் விலையை எழுதி வைத்தார். பேரம் கிடையாது. பணக்காரர் வந்தாலும் அதே விலை, ஏழை வந்தாலும் அதே விலை. அந்தக் காலத்தில் இது பெரிய அதிசயம்.

கடை வளர்ந்தது. காகிதத்தை விட வெள்ளிச் சாமான் அதிகம் விற்றது.

சுத்த வெள்ளி மிருதுவானது. அதிலே கரண்டி செய்தால் வளைந்துவிடும். ஆகவே கொஞ்சம் செம்பு சேர்ப்பார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் தட்டான்களின் சாமர்த்தியம்! சார்லஸ் 1851-ல் ஒரு கணக்கு வைத்தார். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி இருக்க வேண்டும். இது இங்கிலாந்தில் வழங்கிய அளவு. பிறகு அமெரிக்கா முழுவதற்கும் அதுவே சட்டமாயிற்று. இன்று நம் ஊர் நகைக்கடையில்கூட 925 என்ற முத்திரையைப் பார்க்கலாம்.

1867-ல் பாரிஸ் கண்காட்சியில் டிஃபனி கடையின் வெள்ளிச் சாமானுக்குப் பரிசு கிடைத்தது. 1887-ல் பிரெஞ்சு அரச குடும்பத்து நகைகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சார்லஸே வாங்கினார். ராணிகள் அணிந்த நகை, நியூயார்க் கடைக்கு வந்து சேர்ந்தது!

இப்படிப்பட்டவரின் மகனாக லூயிஸ் 1848-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி பிறந்தார்.

படம் வரையும் பிள்ளை

லூயிஸை இராணுவ முறைப்படி நடந்த ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். படிப்பில் மனம் செல்லவில்லை. கல்லூரிக்கும் போகவில்லை. படம் வரைவதுதான் பிடித்தது.

தந்தைக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் பிள்ளையை அவர் தடுக்கவில்லை. பணம் கொடுத்து அனுப்பினார்.

1870-ல் லூயிஸ் வட ஆப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே மசூதிகளின் ஓடுகள், கடைவீதியின் துணிகள், எல்லாவற்றின் மேலும் கொட்டிக் கிடந்த வெயில் ஆகியவற்றைப் பார்த்து மலைத்துப் போனார். நியூயார்க் வீடுகளில் எல்லாமே பழுப்பும் கறுப்பும். இங்கேயோ வண்ணமே வாழ்க்கை! அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டுச் சாகும்வரை போகவில்லை.

தந்தையின் கடையில் வெள்ளி வேலைக்குத் தலைவராக இருந்தவர் எட்வர்ட் மூர். ஜப்பானியப் பாத்திரம், அரபு நாட்டுக் கண்ணாடி, இந்தியச் செம்புச் சாமான் என்று கண்டதையெல்லாம் வாங்கிச் சேர்க்கும் பித்து உள்ளவர். அவருடைய சேகரிப்பு, லூயிஸுக்குப் பள்ளிக்கூடம்போல் ஆயிற்று. மூர் 1891-ல் இறந்தபோது, அவை அனைத்தும் நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிடன் காட்சிசாலைக்குப் போயின.

லூயிஸ் நல்ல ஓவியர்தான். ஆனால் ஈடு இணையற்ற ஓவியர் என்று சொல்ல முடியாது. அதை அவரே உணர்ந்திருக்க வேண்டும். 1879-ல் பணக்காரர் வீடுகளை அலங்கரித்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார்.

அவருடைய கூட்டாளிகளில் ஒருவர் லாக்வுட் டி ஃபாரஸ்ட். அவர் கல்யாணமானதும் மனைவியுடன் இந்தியாவுக்கு வந்தார். ஆமதாபாத்தில் தேக்கு மரத்தில் பூ வேலை செய்யும் தச்சர்களைக் கண்டார். அசந்து போனார்! மகன்பாய் ஹத்தீசிங் என்ற வணிகருடன் சேர்ந்து 1881-ல் அங்கே ஒரு பட்டறை ஏற்படுத்தினார். ஆமதாபாத் தச்சர் செதுக்கிய மரம், கப்பலேறி நியூயார்க் மாளிகைகளுக்குப் போயிற்று. டி ஃபாரஸ்ட் கட்டிக்கொண்ட வீட்டின் முகப்பில் அந்த வேலைப்பாடு இன்றும் இருக்கிறது.

1882-ல் அமெரிக்க ஜனாதிபதி ஆர்தர், தம் வெள்ளை மாளிகையை அலங்கரிக்கும் பொறுப்பை லூயிஸிடம் ஒப்படைத்தார். மாளிகையின் கூடத்தில் பெரிய வண்ணக் கண்ணாடித் தட்டி ஒன்றை நிறுத்தினார் லூயிஸ். எழுத்தாளர் மார்க் ட்வெயினின் வீட்டையும் இவருடைய குழுதான் அலங்கரித்தது.

இதற்குள் குடும்பத்தில் ஒரு இடி. 1884-ல் முதல் மனைவி மேரி காலமானார். தாயில்லாப் பிள்ளைகள்! இரண்டு ஆண்டு கழித்து லூயிஸ் மறுமணம் செய்துகொண்டார்.

மட்டமான கண்ணாடி

லூயிஸுக்குக் கண்ணாடி மீது ஒரு பித்து இருந்தது.

அந்தக் காலத்து மாதாகோயில் சன்னல்களில் உருவங்களைக் கண்ணாடி மேல் வண்ணத்தால் எழுதுவார்கள். லூயிஸுக்கு அது பிடிக்கவில்லை. வண்ணம் கண்ணாடிக்கு மேலே இருக்கக் கூடாது, கண்ணாடிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நல்ல கண்ணாடி பளிங்குபோல் சுத்தமாக இருக்கும். அது அவருக்கு உதவவில்லை. பழப்பாகு அடைத்து விற்கும் மலிவுச் சீசாக்களை எடுத்துப் பார்த்தார். அவற்றில் தாதுக் கலப்பு இருந்தது. அந்தக் கலப்பால் கண்ணாடியில் ஒரு சாயல், ஓர் ஆழம்! அழுக்குதான் அழகு என்பதைக் கண்டுகொண்டார்.

ஆனால், அவர் கேட்ட மாதிரிக் கண்ணாடியைச் செய்து கொடுக்கத் தொழிற்சாலைகளால் முடியவில்லை. 1893-ல் நியூயார்க்கை அடுத்த கொரோனா என்ற இடத்தில் தாமே உலை வைத்தார். இங்கிலாந்திலிருந்து வந்த ஆர்தர் நாஷ் என்ற நிபுணர் அதை நடத்தினார்.

அங்கே விதவிதமான கண்ணாடி பிறந்தது. உருகிய கண்ணாடியைத் துணிபோல் மடித்தார்கள். அது தேவதையின் ஆடை மடிப்பாயிற்று. மெல்லிய கண்ணாடிச் செதில்களைத் தூவி, அவற்றின் மேல் கண்ணாடிக் குழம்பை ஊற்றினார்கள். அது மரத்தடியில் விழும் வெயிலும் நிழலும் ஆயிற்று. புள்ளி விழுந்தது, அலை ஓடியது, பால் கலந்தாற்போல் வெளுத்தது என்று எத்தனையோ வகை!

இவற்றுக்கு ஃபேவ்ரைல் என்று பெயரிட்டு, 1894-ல் பதிவு செய்தார். கையால் செய்தது என்று பொருள்படும் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

விளக்கு பிறந்த கதை

எடிசன் மின்சார விளக்கைக் கொண்டுவந்த காலம் அது. 1885-ல் நியூயார்க்கில் கட்டிய லைசியம் நாடகக் கொட்டகையின் மின்விளக்கு வேலையில் எடிசனும் லூயிஸும் சேர்ந்து உழைத்தார்கள்.

மின்சார விளக்கு வசதியானதுதான். ஆனால் எண்ணெய் விளக்கின் குளுமை அதில் இல்லை. கண்ணைக் குத்தியது! அதற்கு ஒரு கூடு வேண்டும்.

சன்னல் செய்தபின் மிஞ்சிய கண்ணாடித் துண்டுகள் மலைபோல் கிடந்தன. அவற்றைச் சேர்த்துக் கூடு செய்தால் என்ன? 19-ம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், டிஃபனி விளக்கு இப்படித்தான் தலைகாட்டியது.

அதைச் செய்யும் விதமே தனி.

முதலில் மரத்தில் குடைபோல ஓர் அச்சு கடைவார்கள். அதன் மேல் பூவும் இலையுமாகக் கோலம் வரைவார்கள். ஒவ்வோர் இதழுக்கும் பொருத்தமான கண்ணாடியைப் பொறுக்குவார்கள். கண்ணாடித் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, எந்த மூலையில் நரம்பு ஓடுகிறது, எங்கே சிவப்பு வெளுக்கிறது என்று பார்த்து வெட்டுவார்கள். துண்டின் விளிம்பில் மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றுவார்கள். அச்சின் மேல் அடுக்கி, ஈயப் பற்றாசு வைத்து ஒட்டுவார்கள்.

கொத்துக் கொத்தாக ஊதாப்பூ தொங்கும் கொடி விளக்கு ஒன்று உண்டு. விஸ்டீரியா என்று அதற்குப் பெயர். அதில் ஏறக்குறைய 2,000 கண்ணாடித் துண்டுகள்! அக்காலத்திலேயே நூற்றுக்கணக்கான டாலர் விலை. சாதாரணத் தொழிலாளி ஓர் ஆண்டு உழைத்துப் பெறும் கூலியில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

1900-ல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. லூயிஸுக்கு முதல் பரிசு கிடைத்தது. பிரெஞ்சு அரசாங்கம் விருது அளித்துக் கௌரவித்தது. தட்டான்பூச்சிகள் சிறகு விரித்துத் தலைகீழாகத் தொங்கும் விளக்கு ஒன்றும் அங்கே பரிசு பெற்றது.

அந்தத் தட்டான்பூச்சி விளக்கை வரைந்தது லூயிஸ் அல்ல. ஒரு பெண்!

நிழலில் இருந்த பெண்

அவர் பெயர் கிளாரா டிரிஸ்கால். ஒஹையோ மாநிலத்திலிருந்து வேலை தேடி நியூயார்க்குக்கு வந்தவர். 1861-ல் பிறந்தவர்.

1892-ல் லூயிஸின் ஆண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிகாகோ கண்காட்சிக்கு வேலை முடியவேண்டிய அவசரம். சித்திரப் பள்ளியில் படித்த பெண்களை லூயிஸ் வேலைக்கு வைத்தார். முதலில் ஆறு பேர். அவர்களுக்குத் தலைவி கிளாரா.

வண்ணம் பார்த்துக் கண்ணாடி பொறுக்குவதில் பெண்கள் கெட்டிக்காரர்கள் என்பது லூயிஸின் நம்பிக்கை. அது வீண்போகவில்லை. பூ விளக்குகள் பலவற்றுக்குக் கோலம் போட்டவர் கிளாராதான். விஸ்டீரியாவும் அவர் கைவண்ணமே. நியூயார்க்கில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் பெண்களில் அவர் ஒருவர் என்று 1904-ல் ஒரு பத்திரிகை எழுதியது.

ஆனால் விளக்கின் அடியில் பொறித்த பெயர் டிஃபனியுடையது மட்டுமே.

இன்னொரு கொடுமையும் இருந்தது. கல்யாணம் ஆனால் பெண்கள் வேலையை விட்டுவிட வேண்டும்! கிளாரா முதல் கல்யாணத்தின்போது வேலையை விட்டார். கணவர் காலமானபின் திரும்பி வந்தார். 1909-ல் மறுமணம் செய்துகொண்டபோது மறுபடியும் விட்டுப் போனார். வரவே இல்லை.

பெண்கள் தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று 1903-ல் ஆண்களின் சங்கம் போர்க்கொடி தூக்கியது. கடைசியில் ஒரு சமரசம். பெண்கள் பிரிவில் 27 பேருக்கு மேல் இருக்கக் கூடாது!

மேசை மேல் ஒரு குடும்பம்

விளக்கைப் பற்றியே பேசுகிறோம். விளக்கு வைத்த மேசையை மறந்துவிடக் கூடாது.

அது பேனாவும் மையும் கொண்டு எழுதிய காலம். எழுது மேசை என்றால் அதன் மேல் ஒரு குடும்பமே குடியிருக்கும். மைக்கூடு, பேனாத் தட்டு, தபால்தலைப் பெட்டி, கடிதம் செருகும் தாங்கி, உறை கிழிக்கும் கத்தி, நாள்காட்டிச் சட்டம், கடிதத்தை எடைபோடும் சின்னத் தராசு. எழுதிய ஈரத்தை உறிஞ்ச மையொற்றும் தாள். அந்தத் தாள் சுருட்டிக் கொள்ளாமல் இருக்க, இரு ஓரத்திலும் கனமான வெண்கலப் பட்டை. தொட்டில்போல் ஆட்டி ஆட்டி ஒற்றும் கட்டை வேறு!

டிஃபனி பட்டறை இவை அத்தனையையும் வெண்கலத்தில் செய்தது. 15-க்கும் மேற்பட்ட கோலங்கள் இருந்தன. திராட்சைக் கொடி என்றால் மைக்கூடு முதல் நாள்காட்டி வரை எல்லாவற்றிலும் திராட்சைக் கொடி. ஊசியிலை மரம் என்றால் எல்லாவற்றிலும் ஊசியிலை. இந்த இரண்டிலும், அடியில் பச்சையோ தேன் நிறமோ கொண்ட கண்ணாடி. அதன் மேல் சல்லடைபோல் வெட்டிய வெண்கலத் தகடு. பன்னிரண்டு ராசிகளைப் பொறித்த கோலமும் உண்டு. அது நன்றாக விற்றது.

இதில் ஒரு வியாபார நுட்பம் இருந்தது. முழுத் தொகுதியையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. இந்த ஆண்டு மைக்கூடு, அடுத்த பிறந்த நாளுக்குப் பேனாத் தட்டு என்று வாங்கலாம். இன்ன கோலம் என்று தெரிந்துவிட்டால், பரிசு கொடுப்பவருக்கும் கவலை இல்லை.

காகிதமும் பேனாவும் விற்றுத் தந்தை தொழிலைத் தொடங்கினார். மகனோ அந்தப் பேனாவை வைக்கத் தட்டு செய்தார்!

ஏற்றமும் இறக்கமும்

தந்தை சார்லஸ் 1902-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி காலமானார். அன்று லூயிஸின் 54-வது பிறந்த நாள்.

பெரும் சொத்து கைக்கு வந்தது. தந்தையின் கடைக்குக் கலை இயக்குநராகவும் ஆனார். எந்தக் கடையில் உட்கார மறுத்தாரோ, அங்கேயே வந்து சேர்ந்தார்.

அதே ஆண்டில் இன்னொரு சேதி. புதிய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், வெள்ளை மாளிகையைத் திருத்தி அமைத்தார். லூயிஸின் கண்ணாடித் தட்டியைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்! வரப்போவதற்கு அது முன்னறிவிப்பு. ஆனால் அப்போது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

லூயிஸ் கடலோரத்தில் லாரல்டன் ஹால் என்ற மாளிகையைக் கட்டினார். 84 அறைகள். வாழ்நாள் முழுவதும் சேகரித்த ஜப்பானிய வாள் பிடிக் காப்புகள், செவ்விந்தியர் பின்னிய கூடைகள், சீனச் சாமான்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஊருக்கெல்லாம் விளக்கு விற்றவர், தாமும் ஒரு சேகரிப்பாளரே.

மாளிகை முடிவதற்குள் இரண்டாவது மனைவியும் 1904-ல் இறந்துபோனார்.

1914-ல் தனி ரயில் விட்டு 150 பிரமுகர்களை அழைத்து வந்து, மயில் விருந்து வைத்தார். கிரேக்கப் பெண்களைப்போல் உடை உடுத்திய இளம்பெண்கள், தோகையோடு மயில்களைச் சுமந்து வந்தார்கள். நமக்கு மயில் முருகனின் வாகனம். அங்கே அது விருந்துக்கு அலங்காரம்!

அந்த விருந்துதான் உச்சம். பிறகு சரிவு.

முதல் உலகப் போர் வந்தது. போருக்குப்பின் மக்களின் ரசனை மாறிவிட்டது. நேர்க்கோடு, வெற்றுச் சுவர், பளபளக்கும் உலோகம் ஆகியவையே நாகரிகம் என்றார்கள். பூவும் கொடியும் பாட்டி காலத்துச் சமாசாரம் ஆயின. லூயிஸுக்கோ புதுமை ஓவியர்களைக் கண்டாலே ஆகாது. காலத்தோடு இறங்கிவர அவர் மறுத்தார்.

உலை அணைந்தது. 1932-ல் டிஃபனி பட்டறை மஞ்சள் கடிதம் கொடுத்தது. 1933-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி லூயிஸ் காலமானார். வயது 84.

மிஞ்சிய சரக்கு ஏலத்துக்குப் போயிற்று. 1946-ல் லாரல்டன் ஹாலில் இருந்த சாமான்களையும் ஏலம் விட்டார்கள். விளக்குகளைப் பரணில் போட்டவர்கள் உண்டு. குப்பையில் எறிந்தவர்களும் உண்டு.

பன்னிரண்டரை டாலர்

லூயிஸ் இறந்து இரண்டே ஆண்டு. 1935-ல் எகான் நூஸ்டாட் என்ற பல் டாக்டரும் அவர் மனைவி ஹில்டிகார்டும், தங்கள் வீட்டுக்குத் தட்டுமுட்டுச் சாமான் வாங்க ஒரு பழைய பொருள் கடைக்குப் போனார்கள். இருவரும் ஆஸ்திரியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

கடையில் மஞ்சள் பூக்கள் நிறைந்த ஒரு விளக்கு இருந்தது. அது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. விலை பன்னிரண்டரை டாலர். வாங்கினார்கள்.

அது நாகரிகம் அல்ல என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லையோ, சொன்னாலும் கேட்கவில்லையோ! தொடர்ந்து வாங்கினார்கள். விளக்குகள் இருநூறுக்கு மேல் சேர்ந்தன. பட்டறை மூடியபோது மிஞ்சிய கண்ணாடித் துண்டுகள் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தன. அவற்றையும் டாக்டர் 1967-ல் வாங்கிப் பத்திரப்படுத்தினார். 1970-ல் டிஃபனி விளக்குகளைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 1984-ல் 132 விளக்குகளை நியூயார்க் வரலாற்றுக் கழகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார்.

இன்னொரு தம்பதி, ஹியூ மெக்கீனும் ஜீனட்டும். ஹியூ இளைஞராக இருந்தபோது 1930-ல் லாரல்டன் ஹாலில் தங்கிச் சித்திரம் பயின்றவர். கிழவரான லூயிஸை நேரில் பார்த்தவர். டிஃபனியை எல்லாரும் மறந்திருந்த 1955-ல், ஃபுளோரிடா மாநிலத்தில் ஜீனட் ஒரு டிஃபனி கண்காட்சி நடத்தினார்.

1957-ல் லாரல்டன் ஹால் தீப்பிடித்து எரிந்தது. லூயிஸின் மகள் ஒருவர் மெக்கீன் தம்பதிக்கு எழுதினார். அவர்கள் ஓடோடிச் சென்றார்கள். சாம்பலுக்கும் இடிபாட்டுக்கும் நடுவே தப்பியிருந்த சன்னல்களையும், 1893 சிகாகோ கண்காட்சிக்காக லூயிஸ் அமைத்த கோயிலின் பகுதிகளையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கோயில் 1999 முதல், ஃபுளோரிடாவின் வின்டர் பார்க் நகரிலுள்ள மோர்ஸ் காட்சிசாலையில் மறுபடியும் நிற்கிறது.

இந்த இரண்டு தம்பதிகளும் இல்லாவிட்டால், டிஃபனியின் வேலைகளில் எவ்வளவு மிஞ்சியிருக்குமோ, தெரியாது.

பிறகு காற்று திரும்பியது. 1958-ல் நியூயார்க்கிலேயே பெரிய கண்காட்சி நடந்தது. விலை ஏறியது. 1997-ல் தாமரை விளக்கு ஒன்று 28 லட்சம் டாலருக்குப் போயிற்று. 2018-ல் அல்லிப்பூ விளக்கு ஒன்று ஏலத்தில் போன விலை, 33 லட்சத்து 72 ஆயிரத்து 500 டாலர்!

புளி போடாதே!

அவ்வளவு பணம் எல்லாரிடமும் இருக்குமா? ஆகவே, சாதாரணச் சேகரிப்பாளர்கள் மேசைச் சாமானைத் தேடுகிறார்கள். திராட்சைக் கொடி மைக்கூடு ஒரு ஊரில் கிடைக்கும். அதற்கு இணையான பேனாத் தட்டு பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில் கிடைக்கும். முழுத் தொகுதியும் சேர்வதற்குள் தலை நரைத்துவிடும்!

வாங்குபவர்கள் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தந்தையின் கடை வேறு, மகனின் பட்டறை வேறு. வெள்ளிச் சாமானில் கடையின் பெயரும் வெள்ளியின் அளவும் இருக்கும். வெண்கலச் சாமானில் டிஃபனி ஸ்டூடியோஸ், நியூயார்க் என்ற பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். பெயரை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியதுதான். போலி முத்திரை குத்துகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். கண்ணாடியின் நிறம், உலோகத்தின் கனம், பற்றாசின் நேர்த்தி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

முக்கியமான இன்னொன்று. வெண்கலத்தின் மேல் பச்சையும் பழுப்புமாக ஒரு களிம்பு படிந்திருக்கும். அது அழுக்கு அல்ல. பட்டறையிலேயே திராவகம் கொண்டு வேண்டுமென்றே ஏற்றிய நிறம். நம் வீட்டுப் பெண்கள் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்தால், பளபளப்பு வரும். ஆனால் விலையில் பெரும்பகுதி போய்விடும்!

பெட்டியில் இருந்த கடிதங்கள்

தந்தையின் நகைக்கடை இன்றும் நியூயார்க்கில் நடக்கிறது. 2021 முதல் அது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

கிளாரா டிரிஸ்கால் 1944-ல் இறந்தார். அவர் யார் என்று அப்போது உலகத்துக்குத் தெரியாது. டிஃபனி விளக்கு எல்லாம் டிஃபனியே வரைந்தது என்றுதான் அறிஞர்களும் நம்பியிருந்தார்கள்.

ஆனால் கிளாரா, தம் தாய்க்கும் சகோதரிகளுக்கும் ஓயாமல் கடிதம் எழுதியவர். இன்று என்ன விளக்கு வரைந்தேன், முதலாளி என்ன சொன்னார், கண்ணாடி வெட்டும் பெண்களில் யாருக்குக் கல்யாணம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். குடும்பத்தில் ஒருவர் படித்து, மற்றவருக்கு அனுப்புவார். யாரும் கிழித்துப் போடவில்லை. அந்தக் கட்டுகள் இரண்டு இடங்களில் நூறு ஆண்டு தூங்கிக் கிடந்தன.

2005-ம் ஆண்டு வாக்கில் ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் அவை பட்டன. உண்மை வெளியாயிற்று. 2007-ல் நியூயார்க் வரலாற்றுக் கழகம், கிளாராவையும் அவருடன் உழைத்த பெண்களையும் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தது. பல் டாக்டர் கொடுத்த விளக்குகள்தான் அங்கே எரிந்தன. 2017-ல் அங்கே நூறு விளக்குகளுக்கென்று தனி மண்டபம் திறந்தார்கள். தட்டான்பூச்சி விளக்கை வரைந்தவர் யார் என்று கேட்டால், இப்போது அங்கே சொல்லும் பெயர் கிளாரா டிரிஸ்கால்.